வானிலை மாறிக்கொண்டே இருக்கும் நாளில் நீர்த்தேக்கத்து டிரவுட்: முதலில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: முத்தியால்பேட்டை

அனைவருக்கும் வணக்கம். நான் புதுச்சேரியில் பிறந்து, சுண்ணாம்பாற்றின் கரையிலும் தேங்காய்த்திட்டு முகத்துவாரத்திலும் தக்கையும் இறாலும் கொண்டு தூண்டில் போட்டுப் பழகியவன். பணி ஓய்வு பெற்ற பின், ஆண்டுதோறும் கோடையில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள மகள் வீட்டுக்குச் சென்று வருகிறேன். சென்ற மே மாதம் மருமகன் என்னை ரட்லண்ட் வாட்டர் நீர்த்தேக்கத்துக்கு அழைத்துச் சென்றார். பரப்பளவில் இங்கிலாந்திலேயே பெரிய நீர்த்தேக்கம் அது. சுமார் 12 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது. உரிமமும் அன்றைய அனுமதிச் சீட்டும் வாங்கிக்கொண்டு, இறகையும் நூலையும் முள்ளில் சுற்றிக் கட்டிய ஃப்ளையை வீசி டிரவுட் மீன் பிடிப்பதற்காகவே சென்றோம்.

காலை எட்டு மணிக்கு மேகம் மூடியிருந்தது, காற்றே இல்லை. நீர்ப்பரப்பில் அங்கங்கே மீன் எழும்பி வட்டமிடுவது கண்ணுக்குத் தெரிந்தது. மேற்பரப்புக்குச் சற்றே கீழே இழுத்த சிறிய கறுப்பு ஃப்ளைக்கு ரெயின்போ டிரவுட் ஒன்று கிடைத்தது. பத்தரை மணிக்கு வெயில் வந்ததும் அந்த வட்டங்கள் அத்தனையும் நின்றுவிட்டன. நண்பகலில் மேற்கிலிருந்து காற்று கிளம்பி அலை எழுந்தது. இரண்டு மணிக்கு ஆலங்கட்டி மழை பெய்தது. அரை மணி நேரத்தில் மறுபடியும் வெயில். ஒவ்வொரு மாற்றத்தின் போதும் ஃப்ளையை மாற்றிக் கட்டிக்கொண்டே இருந்தோம். காலையில் கிடைத்த அந்த ஒன்றைத் தவிர மாலை வரை வேறு மீன் படவில்லை.

வரும் மே மாதம் மீண்டும் செல்லவிருக்கிறேன். இத்தகைய நாளில் முதலில் மாற்ற வேண்டியது ஃப்ளையா, இடமா, வேறு ஏதேனுமா? காற்றழுத்தம் இறங்கினால் மீன் வாய் திறக்காது என்று அங்கே ஒருவர் சொன்னார், அது உண்மையா? ஊரில் இருக்கும் இந்த மாதங்களில் வீசிப் பழகுவதற்கு வழி உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1: கடலூர் முதுநகர்

அண்ணா, வணக்கம். நான் இங்கிலாந்தில் பத்தாண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். ரட்லண்டிலும், அதைப் போன்ற இன்னொரு நீர்த்தேக்கமான கிராஃபமிலும் நிறைய நாள்கள் நின்றிருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் முதல் இரண்டு ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. முதலில் மாற்ற வேண்டியது ஆழம். அது பலிக்காவிட்டால் இடம். ஃப்ளையை மாற்றுவது அதற்கும் பிறகுதான்.

காலையில் வட்டமிட்ட மீன்கள் எதைத் தின்றன என்று பார்த்தால் காரணம் விளங்கும். மே மாதத்தில் அந்த நீர்த்தேக்கங்களில் டிரவுட்டின் முக்கிய உணவு, கொசுவைப் போலவே இருந்து கடிக்காத ஒரு பூச்சி. அங்கே அதை பஸ்ஸர் என்கிறார்கள். அதன் புழு அடிச்சேற்றில் வாழ்கிறது. கூட்டுப்புழுவானதும் சேற்றை விட்டு மெல்ல மேலேறி, நீரின் மேல்தோலுக்கு அடியில் சிறிது நேரம் தொங்கி, தோலுரித்துப் பறந்து போகிறது. அடியிலிருந்து மேல் வரை எல்லா ஆழத்திலும் அந்த உணவு இருக்கிறது என்பதே இதில் முக்கியம். மேகம் மூடிய, காற்றில்லாத காலையில் மீன் மேலே வந்து தின்கிறது. வெயில் ஏறியதும் அதே உணவை எட்டடி, பத்தடி ஆழத்தில் தின்கிறது. மீனுக்கு இமை கிடையாது. இமையாத விழியை வைத்துத்தான் மீனாட்சி என்ற பெயருக்கே நம்மவர்கள் பொருள் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொள்ள முடியாத உயிர், வெளிச்சம் கூடினால் கீழே இறங்குவதைத் தவிர வேறு என்ன செய்யும்? அந்த நேரத்தில் நீங்கள் பதினான்கு வகை ஃப்ளைகளை மாற்றிக் கட்டினாலும், அத்தனையும் ஓரடி ஆழத்திலேயே ஓடினால் மீனின் தலைக்கு மேலே வெகு உயரத்தில்தான் ஓடியிருக்கும்.

ஆழத்தை அறிய எண்ணிக்கைதான் வழி. ஃப்ளையைச் சுமந்து செல்லும் கனமான நூலைத்தான் லைன் என்கிறோம். மூழ்கும் லைன்களில், நொடிக்கு மூன்று அங்குலம் இறங்கும் வகை ஒன்று உண்டு. அதை வீசிவிட்டு நாற்பது வரை எண்ணினால் பத்தடி இறங்கியிருக்கும். முதல் வீச்சில் பத்து எண்ணி இழுங்கள், அடுத்ததில் இருபது, பிறகு முப்பது. எந்த எண்ணிக்கையில் மீன் தட்டியதோ அந்த எண்ணிக்கையை விடாதீர்கள். வெயில் மறைந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். வெயில் வந்தால் கூட்டுங்கள். மிதக்கும் லைன் மட்டுமே கையில் இருந்தாலும் கவலை வேண்டாம்: லைனின் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பான லீடரைப் பதினைந்தடிக்கு நீட்டி, அதன் நுனியில் பஸ்ஸர் போலக் கட்டிய கனமான ஃப்ளை ஒன்றைக் கட்டி, வீசியபின் முழுதாக நாற்பது நொடி பொறுத்திருங்கள். பிறகு நீங்கள் இழுக்க வேண்டியதுகூட இல்லை; காற்று லைனை மெல்ல வளைத்துக்கொண்டு போகும், லைன் தளர்ந்து நீள்வதை மட்டும் விரலால் சேர்த்துக்கொண்டே இருந்தால் போதும். கோலின் நுனிக்கும் நீருக்கும் நடுவே லைன் தொங்கும் அந்தச் சிறு வளைவையே பார்த்துக்கொண்டிருங்கள். மீன் வாயில் வாங்கும்போது கைக்கு ஒன்றும் தெரியாமல், அந்த வளைவு மட்டும் ஓரங்குலம் நிமிரும். தக்கை அமிழ்வதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிதில் பிடிபடும் என்பதால், சுண்ணாம்பாற்றுப் பழக்கம் உங்களுக்கு அங்கே கைகொடுக்கும்.

அடுத்தது இடம். மேற்குக் காற்று தொடர்ந்து அடித்தால் வெதுவெதுப்பான மேல்நீரும் அதில் மிதக்கும் பூச்சிகளும் கிழக்கு நோக்கித் தள்ளப்படும். ரட்லண்டில் அணை இருப்பது கிழக்கு முனையில்தான். எனினும் காற்றுக்கு நேர் எதிரே நின்று வீச யாராலும் நெடுநேரம் முடியாது. காற்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகும்படியான ஒரு முனையைத் தேடி நில்லுங்கள். அலைகளுக்கு நடுவே எண்ணெய் தடவியதுபோல வழுவழுப்பான நீண்ட பட்டைகள் தெரியும். செத்த பூச்சிகளும் உரித்த கூடுகளும் அங்கே சேர்வதால், அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு காற்றை எதிர்த்து மேலேறி வரும் மீன்களை அடிக்கடி கண்டிருக்கிறேன்.

முதல் மீனைச் சமையலுக்கு எடுத்துக்கொள்வதாக இருந்தால், கரையிலேயே அதன் இரைப்பையைத் திறந்து, உள்ளிருப்பதை ஒரு வெள்ளைக் கிண்ணத்து நீரில் கரைத்துப் பாருங்கள். தலைப்பக்கம் வெள்ளைக் குஞ்சம் வைத்த கறுப்புக் கூட்டுப்புழுக்கள் கிண்ணத்தில் மிதந்தால், அன்று மாலை வரை ஃப்ளைப் பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமே இராது.

பதில் 2: லாஸ்பேட்டை

ஐயா, நான் தூண்டில் பிடிப்பவள் அல்லள். பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். உங்கள் காற்றழுத்தக் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

நீருக்குள் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு வளிமண்டலத்தின் அளவு கூடுகிறது. ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கூடும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதன் மையத்தில் அழுத்தம் சுமார் 970 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியது. அதாவது வழக்கமான அளவை விட நாற்பது குறைவு. அத்தனை பெரிய வீழ்ச்சியைக்கூட ஒரு மீன் நாற்பது சென்டிமீட்டர் கீழே இறங்கி ஈடுசெய்துவிட முடியும். ஒரு பகற்பொழுதில் வெயிலும் மழையும் மாறி மாறி வரும்போது ஏற்படும் அழுத்த வேறுபாடு அதில் ஒரு சிறு பங்குதான். அதனால் அழுத்தமே மீனின் வாயைக் கட்டிவிடுகிறது என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அழுத்தம் இறங்கும் வேளையிலேயே மேகமும் காற்றும் மழையும் சேர்ந்து வருகின்றன. வெளிச்சமும் அலையும் செய்யும் வேலையை மக்கள் அழுத்தத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

வெப்பநிலையையும் அப்படியே பாருங்கள். ஆலங்கட்டி பெய்து காற்று சில்லிட்டாலும், அத்தனை பெரிய நீர்த்தேக்கம் ஒரு மணி நேரத்தில் குளிர்ந்துவிடாது. நாள் கணக்கில் தொடரும் வெயிலோ குளிர்காற்றோதான் அதை மாற்றும். டிரவுட் குளிர்நீர் மீன். நீர் 20 பாகை செல்சியஸைத் தாண்டினாலே அது திணறத் தொடங்கும், ஏனெனில் நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் உயிர்வளியின் அளவு குறைகிறது. நம் வீராணத்திலோ ஊசுட்டேரியிலோ அந்த மீன் வாழ முடியாததற்கும், தமிழ்நாட்டில் நீலகிரியின் உயரத்தில், அவலாஞ்சி போன்ற இடத்தில் அதற்குப் பொரிப்பகம் அமைந்ததற்கும் இதுவே காரணம். மே மாதத்து இங்கிலாந்தில் அந்தக் கவலை பொதுவாக இருக்காது.

பதில் 3: வீராம்பட்டினம்

ஐயா, வீசிப் பழகுவதற்கு நம் கடற்கரையை விடப் பொருத்தமான இடம் இல்லை. நான் மூன்று ஆண்டுகளாக ஃப்ளை கோலை இங்கேதான் பழகி வருகிறேன். கூட்டம் இல்லாத மணற்பரப்பாகத் தேர்ந்தெடுங்கள்; முள்ளைக் கட்ட வேண்டாம், அதற்குப் பதிலாக லீடரின் நுனியில் சிவப்புக் கம்பளி நூலில் ஒரு துண்டைக் கட்டுங்கள்.

விடியற்காலையில் நிலத்திலிருந்து காற்று வரும். கடலைப் பார்த்து நின்றால் அது உங்கள் முதுகில் படும். அப்போது முன்வீச்சு தானாகவே போகும், பின்வீச்சுதான் விழுந்துவிடும்; லைன் பின்னால் முழுதாக விரியும் வரை பொறுக்கக் கற்றுக்கொள்ளும் நேரம் அது. கோடையில் நண்பகலுக்குப் பிறகு சோழகக் காற்று ஏறும். கடலைப் பார்த்து நிற்பவருக்கு அது வலத்தோளில் வந்து அடிக்கும். வலக்கையால் வீசுபவருக்கு ஆபத்தான காற்று இதுதான். லைனையும் முள்ளையும் நம் தலையை நோக்கியே தள்ளும். எனக்கு முதல் ஆண்டிலேயே வலக்காது மடலில் முள் ஏறி, மருத்துவமனைக்குச் சென்று எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து முள்ளின் கூர்நுனிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடாமல் நான் கட்டுவதில்லை. தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் வீசுவதும் இல்லை.

அந்தக் காற்றில் வீசுவதற்கு வழி இருக்கிறது. கோலைத் தலைக்கு மேல் சாய்த்து, லைன் இடத்தோளின் பக்கமாகப் போய்வரும்படி வீசுங்கள். அது கைவராவிட்டால் நீருக்கு முதுகைக் காட்டி நின்று, கரையை நோக்கி முன்வீச்சை வீசி, பின்வீச்சில் லைனை நீரின்மேல் விட்டுவிடுங்கள். இரண்டையும் மணலிலேயே பழகிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் லைன் சுற்றும் சுருளையும் லைனையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள், உப்பு விட்டுவைக்காது.

முத்தியால்பேட்டை

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அம்மா, தானே புயலை வைத்து நீங்கள் சொன்ன கணக்கை மருமகனுக்கும் படித்துக் காட்டினேன். தம்பி, நாளை விடியற்காலையே கம்பளி நூலோடு கடற்கரைக்குப் போகிறேன். கடலூர்த் தம்பியிடம் இன்னும் ஒரு கேள்வி: ஆலங்கட்டி பெய்தபோது நாங்கள் கோலைப் பிடித்தபடியே கரையில் நின்றிருந்தோம். அப்போது என்ன செய்திருக்க வேண்டும்? மழை விட்டதும் எங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும்?

கடலூர் முதுநகர்

அண்ணா, இடி கேட்டால் மீனைப் பற்றிய நினைப்பே வேண்டாம். இப்போதைய கோல்கள் கார்பனால் ஆனவை, மின்சாரத்தைக் கடத்துபவை. வெட்ட வெளியில் பத்தடிக் கோலை உயர்த்திப் பிடிப்பது இடியை அழைப்பதாகும். கோலைத் தரையில் கிடத்திவிட்டு வண்டிக்குள் சென்று அமர்ந்துவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் போதும்.

மழை விட்டபின் காற்று அடங்கி, மேகம் இன்னும் மூடியிருந்தால், மிதக்கும் லைனோடு மேலிருந்து தொடங்குங்கள். அத்தகைய இருபது நிமிடங்களில் காலையைப் போலவே மீன்கள் மேலேறி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மழை விட்டதுமே வெயில் அடித்தால் இருபது எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். காற்று பலமாக இருக்கும்வரை லீடரில் ஒரே ஃப்ளை போதும்; மூன்று கட்டினால் சிக்கெடுப்பதிலேயே அந்த இருபது நிமிடங்களும் போய்விடும்.