பாலித் தீவுப் பயணம்: டாலரா, ருப்பியாவா, கார்டா?

நொய்யல்கரை கேட்டது:

வணக்கம். வரும் விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் ஒரு வாரம் பாலித் தீவுக்குச் செல்லவிருக்கிறோம். விமானச் சீட்டுக்கும், உபுட், சனூர் ஆகிய இரண்டு ஊர்களில் தங்குமிடத்துக்கும் பணம் கட்டி முடித்தாயிற்று. அங்கே அன்றாடம் செலவழிக்க வேண்டிய பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதில்தான் குழப்பம் நீடிக்கிறது. கோவையில் உள்ள நாணயமாற்று முகவர் இந்தோனேசிய நாணயமான ருப்பியாவை இங்கேயே தருவதாகச் சொல்கிறார். அலுவலக நண்பர் டாலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றுவதே மேல் என்கிறார். வங்கியோ, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கும்படி நாள்தோறும் அழைக்கிறது. விசா, வண்டி, சாப்பாடு, நுழைவுக் கட்டணம் ஆகியவற்றுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும், அதில் எவ்வளவு ரொக்கமாக இருக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். நாங்கள் சைவம் என்பதையும் குறிப்பிட்டுவிடுகிறேன்.

தாமரைக்குளம் எழுதியது:

உங்கள் அலுவலக நண்பர் சொன்னதே சரி. இந்திய முகவர்களிடம் ருப்பியாவுக்குத் தேவை குறைவு என்பதால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்புவது நாம்தான். நம் வங்கிகள் தரும் ஃபாரெக்ஸ் கார்டுகளில் பொதுவாக ருப்பியா இருப்பதில்லை. எனவே டாலரை ஏற்றிக்கொண்டு போனாலும், அங்கே தேய்க்கும்போது மாற்றுக் கட்டணம் ஒருமுறை கூடுதலாகப் பிடிக்கப்படும். இந்திய ரூபாய் நோட்டை அங்கே மாற்றலாம் என்று யாராவது சொன்னால், கிடைக்கும் விலையையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

டாலர் வாங்கும்போது நூறு டாலர் நோட்டுகளாகவே கேட்டு வாங்குங்கள். பாலியில் ஐந்து, பத்து, இருபது டாலர் நோட்டுகளுக்குக் குறைந்த விலைதான் தருவார்கள். மடிப்பு, கிழிசல், பேனாக் கீறல், வங்கி முத்திரை ஆகியவற்றில் எது இருந்தாலும் முகம் சுளிப்பார்கள். பழைய வரிசை நோட்டுகளைப் பல கடைகளில் திருப்பித் தந்துவிடுவார்கள். ஆகவே இங்கே முகவரின் மேசையிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்து, பிடிக்காததை மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு பயணத்துக்கு ஒருவர் 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டுபோக நம் விதிகள் இடம் தருகின்றன; உங்களுக்கு அந்த அளவு தேவைப்படாது.

அங்கே மாற்றும் இடத்தைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத வந்தேன். கூட்டாக் கடற்கரையை ஒட்டிய சந்துகளில் துணிக்கடைக்கும் பச்சை குத்தும் கடைக்கும் நடுவே ஒரு பலகை வைத்து, மற்ற எல்லாரையும்விட அதிக விலை எழுதியிருப்பார்கள். எனக்கு முன்னால் நின்றிருந்தவருக்கு அப்படி ஒரு கடையில் நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கடைக்காரர் முழுவதையும் இருபதாயிரம் ருப்பியா நோட்டுகளாக எடுத்து, பத்து லட்சம் வீதம் சிறு சிறு அடுக்குகளாகப் பரப்பினார். வாங்குபவர் எண்ணினார், சரியாக இருந்தது. உடனே கடைக்காரர் "மீண்டும் ஒருமுறை" என்று சிரித்துக்கொண்டே அடுக்குகளைத் தன் பக்கம் இழுத்து, விளிம்பை மேசையில் தட்டி நேராக்கினார். தட்டிய அந்த நொடியில் அடியிலிருந்த சில நோட்டுகள் மேசைக்குப் பின்னால் அவர் மடியில் விழுந்துவிட்டன. வாங்கியவர் ஒருமுறை எண்ணிவிட்ட நிம்மதியில் கட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். நீங்கள் கடைசியாக எண்ணிய பிறகு அவர் கை அந்த நோட்டில் படக்கூடாது; பட்டால் மறுபடியும் முதலிலிருந்து எண்ணுங்கள். சிவப்பு நிற லட்சம் ருப்பியா நோட்டாகத் தர மறுப்பவரிடமும், எண்ணி முடித்த பிறகு கமிஷன் என்று பேச்சை எடுப்பவரிடமும் டாலரைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். கண்ணாடிக் கதவும், எண்ணும் இயந்திரமும், அச்சிட்ட ரசீதும், அந்நாட்டு மைய வங்கியான பேங்க் இந்தோனேசியாவின் அனுமதிச் சின்னமும் உள்ள கடைகளில் பலகை விலை சற்றுக் குறைவாகத் தெரியும். ஆனால் கைக்கு வருவது அதுவேதான்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே நண்பர் சொன்ன எச்சரிக்கை முழுவதும் உண்மை. ஆயினும், நேர்மையான இரண்டு கடைகளுக்கிடையே விலை வித்தியாசம் தேடி ஒரு காலைப் பொழுதைத் தொலைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முந்நூறு டாலர் மாற்றினால் அந்த வித்தியாசம் ஒரு இளநீருக்கு ஆகும். பாலியில் பணம் கரைவது வேறு இடங்களில்.

முதலில் விலையைப் படிக்கப் பழகுங்கள். ஆயிரத்துக்குக் காற்புள்ளி இடும் இடத்தில் அவர்கள் முற்றுப்புள்ளி இடுவார்கள். உணவுப் பட்டியலில் அந்த மூன்று பூஜ்யங்களையும் விட்டுவிட்டு வெறும் 45 என்றோ 45கே என்றோ எழுதியிருப்பார்கள். அந்த 45ஐ ஐந்தரையால் பெருக்கினால் நம் ரூபாயில் ஏறத்தாழ 250 வரும். இது இன்றைய விலைக்குச் சற்றே கூடுதலான கணக்கு. செலவைத் திட்டமிடும்போது அந்தப் பக்கம் தவறுவதே நல்லது. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால் சேவைக் கட்டணமும் 10 சதவீத வரியும் தனி என்று பொருள். சேவைக் கட்டணம் 10 சதவீதமாக இருந்து, அதன்மேல் வரியும் ஏறினால், 90 என்று கண்ட பண்டம் ரசீதில் 108.9 ஆகிவிடும். நால்வர் ஒரு வாரம் இப்படிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வாருங் எனப்படும் சிறு உணவகங்களில் பெரும்பாலும் எழுதியதுதான் விலை. அங்கே சோறு, டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தோஃபு, கீரை என்று நால்வர் வயிறாரச் சாப்பிட இரண்டு லட்சம் ருப்பியா, அதாவது 1,100 ரூபாய், போதும். சைவம் என்பதால் ஒன்று: மிளகாய்ச் சட்னியிலும் கடலைக் குழம்பிலும் தெராசி என்ற இறால் விழுது கலந்திருக்கும், சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இட்லி, சப்பாத்தி என்று இந்திய உணவகம் தேடிப் போனால் இதைப்போல் மூன்று மடங்கு ஆகும். அங்கே போயும் இட்லி எதற்கு என்று நான் கேட்கமாட்டேன், பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்து, தவிர்க்கவே முடியாதவை. வருகை விசா (விசா ஆன் அரைவல்) ஒருவருக்கு 5 லட்சம் ருப்பியா. 2024 பிப்ரவரி 14 முதல் பாலி மாகாணம் வெளிநாட்டுப் பயணிகளிடம் வாங்கும் வரி ஒருவருக்கு ஒன்றரை லட்சம். பிள்ளைகளுக்கும் இவை உண்டு. ஆக, நால்வருக்கு 26 லட்சம், நம் கணக்கில் 14,300 ரூபாய். இரண்டையும் புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் கார்டு மூலம் கட்டிவிட்டால், விமான நிலையத்தில் இறங்கியவுடன் அகப்பட்ட இடத்தில் டாலரை மாற்ற வேண்டிய நெருக்கடி இராது.

வண்டிதான் பெரிய செலவு. ஓட்டுநருடன் ஒரு நாள் கார், பெட்ரோல் உட்பட, 6 லட்சத்திலிருந்து 8 லட்சம் வரை கேட்பார்கள்; நிறுத்தக் கட்டணமும் நுழைவுச் சீட்டும் யார் பொறுப்பு, எத்தனை மணி நேரம் என்பதை முன்னாலேயே பேசிவிடுங்கள். செலுக் ஊரின் வெள்ளிக் கடையிலும் லுவாக் காப்பித் (புனுகுப்பூனை தின்று கழித்த கொட்டையில் செய்வது) தோட்டத்திலும் வண்டி தானாக நிற்கும், ஏனெனில் நீங்கள் வாங்குவதில் ஓட்டுநருக்குப் பங்கு உண்டு. சின்னச் சின்னக் கோப்பைகளில் ருசி பார்க்கத் தருவது இலவசம். வெளியேறும் வழியில் இருக்கும் கடைதான் இலவசமில்லை. வேண்டாம் என்று காலையிலேயே சிரித்த முகத்துடன் சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நொய்யல்கரை கேட்டது:

இருவருக்கும் மிக்க நன்றி. ரொக்கம் தீர்ந்துபோனால் ஏடிஎம்மில் எடுப்பது எப்படி இருக்கும்? ஒரு நாள் பக்கத்துத் தீவான நூசா பெனிடாவுக்கும் படகில் போவதாக இருக்கிறோம்.

பவளத்திட்டு எழுதியது:

ஏடிஎம்மைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதையே முழுவதும் நம்ப வேண்டாம். இயந்திரத்தின் மேல் 50.000 அல்லது 100.000 என்று ஒட்டியிருக்கும். அது உள்ளே இருக்கும் நோட்டின் மதிப்பு. ஒருமுறைக்கு இத்தனை நோட்டுகள் என்று வரம்பு இருப்பதால், ஐம்பதாயிரம் தரும் இயந்திரத்தில் பெரும்பாலும் 12.5 லட்சமும், லட்சம் தரும் இயந்திரத்தில் 25 லட்சமும் வரும். நம் வங்கி ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணம் பிடிக்கும் என்பதால் பின்னதையே தேடுங்கள். இந்திய ரூபாயில் கணக்கிட்டுத் தரட்டுமா என்று திரை கேட்டால் மறுத்துவிட்டு ருப்பியாவிலேயே எடுங்கள். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் அப்படியே. சில இயந்திரங்கள் பணத்தை முதலில் தந்துவிட்டுக் கார்டைப் பின்னால்தான் தரும். நோட்டைக் கண்டவுடன் திரும்பி நடந்துவிடாதீர்கள். வங்கிக் கிளையின் வாசலில் இருக்கும் இயந்திரமாக இருந்தால், கார்டு சிக்கினாலும் கேட்க ஆள் இருப்பார்கள். புறப்படும் முன் உங்கள் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவைக்க வேண்டும். கடைகளில் கியூஆர் அட்டைகள் தொங்கும்; நம் யுபிஐயை நம்பி வெறுங்கையுடன் போகாதீர்கள்.

நூசா பெனிடாவுக்குச் சனூரிலிருந்தே விரைவுப் படகு உண்டு என்பதால் உங்களுக்கு வசதிதான். அந்தத் தீவில் ஏடிஎம் குறைவு, நீங்கள் பார்க்கப் போகும் மேற்குக் கரைப் பாறைகளின் அருகே தேங்காய்க் கடையும் நிறுத்தக் கட்டணமும் ரொக்கத்தில்தான் நடக்கும். ஆகவே அன்று காலை இரண்டாயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் என்று சில்லறையோடு புறப்படுங்கள்.

உங்கள் பயணம் மார்ச் மாதத்தில் விழுந்தால் பாலி இந்துக்களின் மௌன நாளான ஞெப்பி எந்த நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்று 24 மணி நேரம் விமான நிலையம் உட்படத் தீவு முழுவதும் மூடிக்கிடக்கும், விடுதியை விட்டு வெளியே காலடி வைக்க முடியாது, கைபேசி இணையமும் நிறுத்தப்படும். சாப்பாட்டுக்கு விடுதியிலேயே முன்கூட்டி ஏற்பாடு செய்யுங்கள். அன்று விடுதி சொல்வதுதான் விலை.

டாலரை மூன்று தவணையாக மாற்றுங்கள். கடைசி இரண்டு நாள்களில் புதிதாக மாற்றாமல், கையிலிருக்கும் ருப்பியாவை ஓட்டுநருக்கும் விடுதியின் சாப்பாட்டுக் கணக்குக்கும் கொடுத்துத் தீர்த்துவிட்டு, குறைவதைக் கார்டில் கட்டுங்கள். மிஞ்சிய டாலரை ஊருக்குக் கொண்டுவந்து விற்றுக்கொள்ளலாம். மிஞ்சிய ருப்பியாவைக் கோவையில் நல்ல விலைக்கு வாங்க ஆள் கிடைப்பது அரிது.