பொருள்: ‘பிரெடிக்டர்’ தமிழாக்கம் – ‘காரணி’ வேண்டாம், ‘முன்காட்டி’

> செவிலியர் படிப்பிலும் உரிமத் தேர்விலும் யார் தேறுவார் என்று சொல்லும் பிரெடிக்டர்களை ‘வெற்றிக் காரணிகள்’ என்றே எழுதலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். காரணி என்றால் விளைவை உண்டாக்குவது. முதல் பருவத்து உடலியங்கியல் மதிப்பெண் என்கிளெக்ஸ் (அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வு) தேர்ச்சியை உண்டாக்குவதில்லை. அது வருமா வராதா என்று முன்கூட்டிக் காட்டுகிறது. காரணி என்று எழுதினால், அந்த மதிப்பெண்ணை ஏற்றிவிட்டாலே போதும் என்று கல்லூரி நினைத்துக்கொள்ளும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பது, மொழித் தடை எல்லாம் கண்ணில் படாமல் போகும்.

‘முன்காட்டி’ என் பரிந்துரை. ‘முன்கணிப்பி’யை மாதிரிக்கு (மாடல், அதாவது மதிப்பெண்களை வைத்து முடிவைக் கணிக்கும் கணக்குமுறை) வைத்துக்கொள்வோம்: மதிப்பெண் காட்டுகிறது, கணிப்பது மாதிரிதான். என்கிளெக்ஸ் முடிவு தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே வருவதால் அங்கே பெரும்பாலும் லாஜிஸ்டிக் தொடர்புப்போக்கு (இரண்டில் ஒன்றாக வரும் முடிவின் வாய்ப்பைக் கணிக்கும் ‘ரிக்ரெஷன்’ முறை)தான் பயன்படும்.

> நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சிக்கும் ஒட்டுறவு (கோரிலேஷன்) குறைவு என்றால், அது மோசமான முன்காட்டிதானே?

அவசரப்பட வேண்டாம். குறைந்த மதிப்பெண்காரர்களைச் சேர்க்கையிலேயே கழித்துவிட்டோம். அவர்கள் தரவில் இல்லை. மிஞ்சியவர்களின் மதிப்பெண்கள் நெருக்கமாக இருப்பதால் ஒட்டுறவு தானாகவே இறங்கும். ‘ரேஞ்ச் ரெஸ்ட்ரிக்ஷன்’ எனப்படும் இதற்கு ‘வீச்சுக் குறுக்கம்’ பொருந்தும். ‘வீச்சு’ ஏற்கெனவே புள்ளியியல் பாடநூலில் இருக்கிறது.

> ‘அக்யூரசி’க்குத் ‘துல்லியம்’ போதும்தானே?

சொல் போதும். அதை மட்டும் வைத்து மாதிரியை எடைபோடுவதில்தான் ஆபத்து. 100 பேர் எழுதி 90 பேர் தேறுகிறார்கள் என்று கொள்வோம். தோற்கும் 10 பேரில் 8 பேரை ‘தோற்கலாம்’ என்று மாதிரி முன்கூட்டியே பிடிக்கிறது. தேறும் 90 பேரில் 72 பேரைச் சரியாக விடுகிறது. துல்லியம் 80 விழுக்காடு. ‘எல்லோரும் தேறுவார்கள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 90! ‘தோற்கலாம்’ என்று மாதிரி எச்சரிக்கைக் கொடி காட்டிய 26 பேரில் 18 பேர் உண்மையில் தேறக்கூடியவர்கள். இந்தப் பதினெட்டுக்கு ‘பொய்யெச்சரிக்கை’, விடுபட்ட இரண்டுக்கு ‘தவறவிட்டவை’ என்று தனித்தனிப் பெயர் கட்டாயம் வேண்டும்.

கொடி காட்டப்பட்டவர்களுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்தால் பொய்யெச்சரிக்கையால் பெரிய கேடில்லை. அதே பட்டியலை வைத்துத் தேர்வெழுத விடாமல் நிறுத்தினால் தகுதியுள்ள 18 பேரின் உரிமம் தள்ளிப்போகும். ஆகவே ‘அட்-ரிஸ்க்’ (தோற்கும் அபாயம் உள்ள) மாணவரைத் ‘தோல்வியாளர்’ என்று எந்த வரைவிலும் எழுத வேண்டாம். ‘துணை தேவைப்படுவோர்’ என்றே இருக்கட்டும்.