வேகனில் மூன்று சைக்கிள்களை ஏற்றிச் செல்வதற்குக் கூரை நல்லதா, பின்கதவு நல்லதா?

உவர்மலை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை உவர்மலையில் வசிக்கின்ற எங்கள் வீட்டில் கணவர், நான், பன்னிரண்டு வயது மகன், ஆறு வயது மகள் என நால்வர் இருக்கிறோம். ஜப்பானில் பாவித்து இறக்குமதியான ஐந்து கதவு வேகன் ஒன்று எங்களிடம் உண்டு. சைக்கிள்கள் மூன்று: கணவருடைய பழைய லுமாலா, கூடை பூட்டிய என்னுடைய லேடீஸ் சைக்கிள், மகனுடைய 24 அங்குல மலைச் சைக்கிள்.

இவற்றை இரண்டு வகையான பயணங்களுக்கு ஏற்றிச் செல்ல விரும்புகிறேன். சனிக்கிழமை விடியற்காலையில் நானும் மகனும் மட்டும் இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டி வாகனத்தை நிறுத்திவிட்டு, அங்கிருந்து குச்சவெளிப் பக்கமாகச் சைக்கிள் ஓட வேண்டும் என்பது ஒன்று. நகரத்துக்குள் இருந்தே ஓடிச் செல்லலாம் என்று கணவர் சொல்கிறார்; ஆனால் உப்புவெளி வரையிலான நெரிசலில் பேருந்துகளுக்கு நடுவே பிள்ளையைக் கூட்டிச் செல்ல என் மனம் ஒப்பவில்லை. மற்றது ஓகஸ்ட் விடுமுறையில் நால்வரும் யாழ்ப்பாணத்தில் இருக்கின்ற அக்கா வீட்டுக்குச் சென்று, பண்ணைப் பாலம் வழியாக வேலணைக்குச் சைக்கிளில் போய் வருவது.

பின்கதவில் வார்களால் கட்டுகின்ற சட்டகம் ஒன்றைக் கடையில் காட்டினார்கள். பக்கத்து வீட்டு அண்ணர் கூரையில் ஏற்றுவதுதான் நல்லது என்கிறார். கணவரோ பட்டறையில் கொடுத்து இரும்பில் ஒன்றை வெல்டிங் செய்து ஒட்டி எடுக்கலாம் என்கிறார். செலவைப் பற்றிய யோசனை எனக்குப் பிறகுதான். ஓடுகின்ற வாகனத்தில் இருந்து ஒரு சைக்கிள் கழன்று, பின்னால் மோட்டார் சைக்கிளில் குழந்தையோடு வருகின்ற யாரோ ஒருவர் மேல் விழுந்துவிடக் கூடாது என்பதே என் முதற் கவலை. அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

நிலாவெளிப் பயணி எழுதியது:

வணக்கம் அக்கா. நான் நான்கு ஆண்டுகளாகக் கூரையில்தான் ஏற்றுகிறேன். பின்கதவைத் தாராளமாகத் திறக்கலாம், பின்விளக்குகளும் இலக்கத்தகடும் மறையா, பின்கண்ணாடி வழியாக வீதியும் தெரியும். இந்த மூன்று வசதிகளுக்காகவே நான் கூரையைத் தெரிந்தெடுத்தேன்.

ஆயினும் இரண்டு விடயங்களை நீங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். முதலாவது உயரம். வாகனம் ஒன்றரை மீற்றர், அதன் மேல் சட்டமும் சைக்கிளும் சேர்ந்து ஒரு மீற்றருக்கு மேல் என்று கொண்டால், மொத்தம் இரண்டரை மீற்றரைத் தாண்டிவிடும். வீட்டுக்குத் திரும்பிய ஓர் இரவில், களைப்பினால் மேலே சைக்கிள் இருப்பதை மறந்து, எங்கள் கொட்டகையின் தகரக் கூரைக்குள் வாகனத்தைச் செலுத்திவிட்டேன். சைக்கிளின் முன்கவை வளைந்ததோடு, வாகனக் கூரையிலும் சட்டம் பூட்டிய இடம் அமுங்கிப் போனது. அன்றிலிருந்து மொத்த உயரத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டிய பிறகே புறப்படுகிறேன்.

இரண்டாவது காற்று. நீங்கள் செல்ல நினைக்கின்ற ஓகஸ்ட் மாதம் தென்மேற்குப் பருவக்காற்றான கச்சான் வீசுகின்ற காலம். வவுனியாவில் இருந்து வடக்கு நோக்கி ஓடும்போது அது இடது பக்கத்தில் இருந்து அறையும். ஆனையிறவு வெளியில் தடுப்பதற்கு ஒரு மரமும் இல்லாதபடியால் கூரையில் நிற்கின்ற சைக்கிள்கள் பாய்மரம்போல் அந்தக் காற்றைப் பிடிக்கும். அந்த இடத்தில் நான் மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதில்லை.

பாலையூற்றுப் பட்டறை எழுதியது:

தங்கச்சி, எதை வாங்குவது என்று தீர்மானிக்கும் முன்னர் மூன்று சைக்கிள்களையும் நிறுத்துப் பாருங்கள். குளியலறைத் தராசில் கணவரை வெறுங்கையோடும், பிறகு சைக்கிளைத் தூக்கிக்கொண்டும் ஏறி நிற்கச் சொன்னால் வித்தியாசம் தெரிந்துவிடும். அடுத்ததாக, உங்கள் வாகனத்தின் கைநூலில் கூரைச் சுமையின் எல்லை எவ்வளவு என்று பாருங்கள். கைநூல் ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். தொலைபேசியின் கமெராவால் மொழிபெயர்க்கின்ற செயலி போதும். அந்த எல்லை மொடலுக்கு மொடல் மாறும். 50 கிலோ என்று எழுதிய வாகனமும் உண்டு, 75 கிலோ என்று எழுதியதும் உண்டு. அது சைக்கிளுக்கு மட்டுமான கணக்கன்று. குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் பூட்டுகின்ற தாங்கிகள் எல்லாம் அதற்குள் அடங்கும். இரண்டு சட்டங்களும் ஏறத்தாழ 5 கிலோ, ஒவ்வொரு தாங்கியும் 3 முதல் 4 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூரையின் இரு ஓரங்களிலும் நீளத் தண்டுகள் இருக்கின்றனவா, அல்லது வெறும் கூரையா என்பதையும் சொல்லுங்கள். பழைய டொயோட்டா டீஎக்ஸ் வேகன்களில் கூரை ஓரம் நெடுக மழைநீர் வடிகின்ற தகரக் கால்வாய் இருந்தது. அதைக் கவ்விப் பிடிக்கும்படி நாங்களே ஹூட் ராக் என்கிற கூரைச் சட்டத்தை ஒட்டிக் கொடுத்தோம், அது அசையாமல் நின்றது. இப்போதைய வாகனங்களில் அந்தக் கால்வாய் இல்லை. வெறும் கூரையானால் கதவு நிலையின் மேல் விளிம்பில் கவ்வுகின்ற பாதங்கள் தேவை. அந்த விளிம்பின் வளைவு மொடலுக்கு மொடல் வேறுபடுவதால், தூலே போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு மொடலுக்கும் தனித்தனிப் பூட்டுத் தொகுதியை விற்கின்றன. எல்லா வாகனத்துக்கும் பொருந்தும் என்று சொல்லித் தருகின்ற பாதத்தை இறுக்கினால் ஒன்றில் தகரம் அமுங்கும், இல்லாவிட்டால் பிடி தளரும். உங்கள் கணவர் சொல்வதுபோல் என்னைப் போன்ற ஒருவரிடம் ஒட்டி எடுக்கலாம். ஆனால் வெறும் கூரைக்கு நான் ஒட்டிக் கொடுக்க மாட்டேன். வேலை கிடைக்கிறது என்பதற்காகப் பிள்ளைகள் போகின்ற வாகனத்தில் அதைச் செய்ய எனக்கு மனமில்லை.

பின்கதவுச் சட்டகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் அதிகம் விற்பது அதுதான். அந்தச் சட்டகத்தின் பாரத்தில் பெரும்பகுதி கதவின் மேல் விளிம்பில் மாட்டுகின்ற கொளுக்கிகளில்தான் தொங்குகிறது. உங்கள் வேகனின் கண்ணாடிக்கு மேலே பிளாஸ்ரிக்கினால் ஆன சிறகு இருந்தால் கொளுக்கி அதன் மேல் தங்கக் கூடாது. அது பாரம் தாங்கச் செய்யப்பட்ட பொருளன்று. மேலும் இவ்வகைச் சட்டகங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு சைக்கிளுக்கு 15 கிலோ, மொத்தம் 45 கிலோ என்று எழுதியிருக்கும். லுமாலா அந்த 15 கிலோவுக்குள் அடங்காது என்பதை நிறுக்காமலே சொல்வேன். உங்கள் லேடீஸ் சைக்கிளுக்கு மேற்குழாய் இல்லாதபடியால், ஹாண்டிலின் தண்டுக்கும் சீற் தண்டுக்கும் இடையே பூட்டுகின்ற துணைக்குழாய் ஒன்றும் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

பாரம் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். பின்னச்சில் இருந்து 1.3 மீற்றர் பின்னால் 45 கிலோ தொங்குகிறது என்றும், முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2.6 மீற்றர் என்றும் கொண்டால், முன்சில்லுகளின் மேல் இருந்து ஏறத்தாழ 22 கிலோ குறைந்து, பின்சில்லுகளின் மேல் 67 கிலோ கூடுகிறது. டிக்கி நிறையப் பொதியும் பின் ஆசனத்தில் ஆட்களும் இருக்கையில் இது மேலதிகம். பின்ரயர்களுக்கு முழுப் பாரத்துக்குரிய காற்றழுத்தம் எவ்வளவு என்று கதவு நிலையில் ஒட்டிய தாளில் பார்த்து அடித்துக்கொள்ள வேண்டும். ஒரு சைக்கிளின் ரயர் புகைக்குழாய்க்கு நேரே தொங்கினால் சூட்டினால் இளகிக் கெட்டுவிடும். விளக்கும் இலக்கத்தகடும் மறைந்தால் சட்டப்படியும் பிழை, இருட்டில் உயிருக்கும் ஆபத்து.

இழுவைக் கொக்கியில் பூட்டுகின்ற மேடைதான் தூக்குவதற்கு இலகுவானதும் உறுதியானதும். ஆனால் இங்கு வருகின்ற ஜப்பானிய வேகன்களில் அந்தக் கொக்கி பெரும்பாலும் இல்லை. அதற்காகப் புதிதாகப் பூட்டுவதை நான் பரிந்துரைக்கவில்லை.

உவர்மலை வாசகி எழுதியது:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி நேற்று மாலை நிறுத்துப் பார்த்தோம். லுமாலா 19 கிலோ, என்னுடையது கூடையோடு 16 கிலோ, மகனுடையது 13 கிலோ. மொத்தம் 48 கிலோ. கைநூலில் கூரைக்கு 50 கிலோ என்று இருக்கிறது. சட்டங்களையும் மூன்று தாங்கிகளையும் சேர்த்தால் 63 கிலோவுக்கு மேல் போகிறது. பின்கதவுச் சட்டகத்தின் அளவையும் மீறுகிறது. எங்களுடையது வெறும் கூரை. பின்கண்ணாடிக்கு மேலே நீங்கள் சொன்ன பிளாஸ்ரிக் சிறகும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் கணவருக்கு வேலை முறை வருவதால், தூக்கி ஏற்ற வேண்டியவள் நான்தான். 16 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்திப் பார்த்தேன்; மகன் பிடித்தும்கூட எனக்குக் கை நடுங்கியது. இந்த நிலையில் எந்த வழியும் எங்களுக்குப் பொருந்தாதோ என்று கவலையாக இருக்கிறது.

கிண்ணியா ஓட்டுநர் எழுதியது:

சகோதரி, மனம் தளர வேண்டாம். உங்களுடைய இரண்டு பயணங்களும் வேறுவேறானவை. இரண்டுக்கும் ஒரே சாதனத்தை வாங்க வேண்டும் என்று நினைப்பதால்தான் வழி அடைபட்டதுபோல் தெரிகிறது.

சனிக்கிழமை செல்பவர்கள் இருவர் மட்டும். பின் ஆசனத்தை முழுமையாக மடித்துவிட்டால் உங்கள் வேகனின் உட்பகுதி இரண்டு சைக்கிள்களுக்குத் தாராளமாகப் போதும். நான் கிண்ணியாவில் இருந்து இப்படித்தான் எங்களுடைய இரண்டையும் கொண்டு செல்கிறேன். முன்சில்லைக் கழற்றி, ஹாண்டிலை ஒரு பக்கமாகத் திருப்பி, சங்கிலி இருக்கின்ற பக்கம் மேலே வரும்படி முதலாவதைப் படுக்க வையுங்கள். அதன் மேல் பழைய போர்வை ஒன்றை விரித்து, இரண்டாவதைத் தலைமாற்றி வையுங்கள். முன்சில்லுக்கு நட் பூட்டியிருந்தால் பொதுவாக 15 மில்லிமீற்றர் சாவி போதும். அதை வாகனத்திலேயே வைத்துவிடுங்கள். மகனுடையது டிஸ்க் பிரேக் ஆனால், சில்லைக் கழற்றிய பின் பிரேக்கை அழுத்தக் கூடாது. அழுத்தினால் பட்டைகள் நெருங்கி, சில்லைத் திரும்பப் பூட்டுவது சிரமம். உள்ளே வைத்துவிட்டோம் என்று கட்டாமல் விடக் கூடாது. சடுதியாகப் பிரேக் பிடித்தால் அவை முன் ஆசனத்தை நோக்கித்தான் வரும். டிக்கித் தளத்தில் இருக்கின்ற வளையங்களில் இரண்டு வார்களைக் கோத்து இறுக்கிவிடுங்கள். கடற்கரையில் இருந்து திரும்பும்போது சில்லுகளின் மணலைத் தட்டிவிட்டு ஏற்றினால், வாகனத்தின் உட்பகுதியும் சைக்கிளின் சங்கிலியும் காப்பாற்றப்படும்.

யாழ்ப்பாணப் பயணத்துக்கு, லுமாலாவை வீட்டிலேயே விட்டுச் செல்ல முடியாதா? யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாத வீடு அரிது. உங்கள் அக்கா வீட்டிலோ அயலிலோ கணவருக்கு ஒன்று கிடைக்கும். அப்படியானால் உங்களுடையதும் மகனுடையதும் மட்டும் 29 கிலோ, சட்டமும் இரு தாங்கிகளும் 12 கிலோ, மொத்தம் 41 கிலோ. கூரை எல்லைக்குள் நன்றாக அடங்குகிறது. கூடையைக் கழற்றிவிட்டால் காற்றும் குறைவாகப் பிடிக்கும். அன்று கணவர் உடன் இருப்பதால் இருவராகத் தூக்கலாம்.

உவர்மலை வாசகி எழுதியது:

இன்று காலை அக்காவிடம் கேட்டேன். அத்தானுடைய சைக்கிள் திண்ணையில் சும்மாதான் நிற்கிறதாம், ரயர் மட்டும் மாற்ற வேண்டுமாம். ஆகவே கூரைக்கு இரண்டு என்பது முடிவாகிவிட்டது. எங்கள் மொடலுக்குரிய பாதங்கள் கொழும்பில் இருந்து வர இரண்டு கிழமை எடுக்கும் என்று கடையில் சொன்னார்கள், காத்திருக்கிறோம். சட்டங்களைப் பூட்டியபடியே ஆண்டு முழுவதும் விடலாமா, அண்ணா? கடல் எங்கள் வீட்டுக்கு மிகவும் அருகில் இருக்கிறது.

பாலையூற்றுப் பட்டறை எழுதியது:

விட வேண்டாம், தங்கச்சி. அலுமினியச் சட்டமும் இரும்பு போல்ட்டும் தொட்டுக்கொண்டிருக்கின்ற இடத்தில் உப்புக்காற்றின் ஈரம் பட்டால் அரிப்பு மிக விரைவில் பிடிக்கும். பிறகு கழற்ற முயன்றால் போல்ட் முறியும். பூட்டும்போது புரிகளில் சிறிது கிரீஸ் பூசுங்கள். பயணம் முடிந்து வந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, கழற்றி உள்ளே வையுங்கள். நைலோன் வார்களை வெயிலில் விட்டால் நூல் இற்றுப்போகும். ஓரம் பிசிறத் தொடங்கிய வாரை மாற்றிவிடுங்கள். இழுபடுகின்ற இறப்பர்க் கயிற்றை எதற்கும் நம்ப வேண்டாம்.

புறப்பட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடியதும் ஒரு தடவை நிறுத்தி எல்லாவற்றையும் அசைத்துப் பார்த்து இறுக்குங்கள். புதிதாகக் கட்டிய வார் முதல் ஓட்டத்தில்தான் தளரும். அடுத்த சோதனையை ஹொரவப்பொத்தானைக் கடைத்தெருவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் வவுனியா வரை காட்டுப் பகுதிகளில் யானை வீதிக்கு வரும். பொழுதுபட்ட பின் அங்கே இறங்கி நின்று வார் இறுக்குகின்ற நிலை வராதபடி, திருகோணமலையில் இருந்து காலையிலேயே வெளிக்கிடுங்கள். பாதங்கள் வந்ததும் வாகனத்தைப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். முதல் தடவை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை உங்கள் கையாலேயே செய்து பழகக் காட்டித் தருகிறேன்.