ரைன், மொசல் கரைக் கோட்டைகள்: வயசான பெற்றோரோடு நடக்க முடியுமா?

வைகைத்தென்கரை (கேள்வி)

மதுரையிலிருந்து மே மாதம் நாலு பேர் ஜெர்மனி போகிறோம். நான், என் மனைவி, அப்பா (67), அம்மா (62). பிராங்பர்ட்டில் இறங்குகிறோம், கையில் பத்துப் பன்னிரண்டு நாள். பெரிய நகரம் எதுவும் வேண்டாம். கோட்டை, பழைய ஊர், காட்டுப் பாதை, இது மூன்றும் போதும். கார் ஓட்டுகிற எண்ணம் இல்லை. அப்பா தினமும் காலையில் நடக்கிறவர். அம்மாவுக்கு இறக்கத்தில் முழங்கால் வலிக்கும், சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. எல்லாரும் நாய்ஷ்வான்ஷ்டைன் கோட்டைக்குப் போகச் சொல்கிறார்கள். எங்கே தங்கி எப்படிப் போனால் சரியாக வரும்?

கீழக்குயில்குடி

நாய்ஷ்வான்ஷ்டைனை இந்தத் தடவை விட்டுருங்கண்ணே. அது தெற்கே பவேரியாவின் ஓரத்தில், ஃப்யூசன் பக்கம் இருக்கு. பிராங்பர்ட்டிலிருந்து சாதா ரயிலில் போனால் ஒரு பகல் முழுசும் போயிரும். போய்ச் சேர்ந்தாலும் நேரம் குறித்த டிக்கெட், முக்கால் மணி நேரம்கூட ஆகாத சுற்று, உள்ளே போட்டோ எடுக்க முடியாது. அதுக்காக ரெண்டு நாளைச் செலவழிக்கிறதுக்குப் பதிலா, விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற ரைன் பள்ளத்தாக்கையும் அதோட சேர்ற மொசல் பள்ளத்தாக்கையும் நிதானமாப் பாருங்க. பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ் வரைக்கும் 65 கிலோமீட்டர், 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரெண்டு கரையிலும் ரயில் ஓடுது.

முதல் பாதிக்கு ரைன் கரையில் பாகராக், அடுத்த பாதிக்கு மொசல் கரையில் கோகெம். ரெண்டு இடத்தில் மட்டும் பெட்டியை இறக்கினால் போதும். பிராங்பர்ட் விமான நிலையத்தில் ரெண்டு ரயில் நிலையம் இருக்கு. நீள்தூர ரயிலுக்கு ஒண்ணு, வட்டார ரயிலுக்கு ஒண்ணு. நீங்க வட்டார நிலையத்துக்குப் போய் மைன்ஸ் வரை வந்து, அங்கே கோப்ளென்ஸ் போகிற ஆர்பி 26ங்கிற வட்டார ரயிலில் ஏறினால் பாகராக்கிலேயே இறங்கலாம்.

டிக்கெட்டில்தான் நம்ம ஆளுக நிறையப் பேர் பணத்தை விடுறாங்க. டாய்ச்லாந்து டிக்கெட் 2026 ஜனவரியிலிருந்து மாசம் 63 யூரோ. வட்டார ரயில், பேருந்து, டிராம் எல்லாத்துக்கும் செல்லும், ஐசிஇ, ஐசிங்கிற நீள்தூர வேக ரயிலுக்குச் செல்லாது. ஆனா அது மாதச் சந்தா. பத்தாம் தேதிக்குள்ள ரத்து பண்ணலைன்னா அடுத்த மாசத்துக்கும் காசு பிடிச்சிருவாங்க. மே கடைசியில் தொடங்கி ஜூனில் முடியிற பயணம்னா ரெண்டு மாசக் காசு. நாலு பேர் சேர்ந்தே சுத்துறதா இருந்தா இந்த ஊர்கள் இருக்கிற ரைன்லாந்து-பால்ஸ் மாநிலத்தோட நாள் டிக்கெட்டையும் கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரே சீட்டில் அஞ்சு பேர் வரை போகலாம், வேலை நாளில் மட்டும் காலை ஒன்பதுக்கு மேலதான் செல்லும். ரயில் ஏறுற நாள் கொஞ்சம்தான்னா இது மிச்சமாகலாம்.

இன்னொண்ணு. கோப்ளென்ஸுக்கும் மைன்ஸுக்கும் நடுவே ரைனுக்குப் பாலமே கிடையாது. அக்கரைக்குப் படகுதான். ஸாங்க்ட் கோர் துறை ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். எதிர்க்கரை ஊரான கௌபுக்குப் போற படகு அப்படி இல்லை. இக்கரைத் துறை பாகராக்குக்கும் ஓபர்வேசலுக்கும் நடுவில் தனியா நிக்குது, பக்கத்தில் ஸ்டேஷன் இல்லை, பாகராக்கிலிருந்து ஆற்றோரமா மூணு கிலோமீட்டருக்கு மேல நடக்கணும். வரைபடத்தில் பக்கத்தில் தெரியுதேன்னு அம்மாவைக் கூட்டிட்டுக் கிளம்பிராதீங்க.

அறை எடுக்கும்போது தண்டவாளத்துக்கு எதிர்ப்புறமா ஜன்னல் இருக்கிற அறையாக் கேளுங்க. ரெண்டு கரையிலும் ராத்திரி பூரா சரக்கு ரயில் போகும்.

நாயக்கர்காலத்தான்

கோட்டைகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பழமை போலத் தெரியும். உண்மையில் ரைன் கரைக் கோட்டைகளில் பல 19ஆம் நூற்றாண்டில் மறுபடி எழுப்பப்பட்டவை. 1689இல் பிரெஞ்சுப் படைகள் இந்தப் பள்ளத்தாக்கைக் கொளுத்திக்கொண்டே போயின. பாகராக்கின் ஷ்டாலெக், ஓபர்வேசலின் ஷோன்பர்க், கோகெமின் ரைக்ஸ்பர்க் மூன்றும் அந்த ஆண்டு விழுந்தவை. இன்று கோகெமில் நீங்கள் பார்ப்பது 1868க்குப் பிறகு ஒரு பெர்லின் வணிகர் கட்டியது. நாய்ஷ்வான்ஷ்டைனுக்குக் கல் நாட்டியதே 1869இல்தான், நம் திருமலை நாயக்கர் மகாலைவிட இருநூறு ஆண்டுக்கு மேல் இளையது.

இடிபடாமல் தப்பியது வேண்டுமென்றால் இரண்டே இரண்டை மனதில் வையுங்கள். ஒன்று பிரவ்பாக் ஊருக்கு மேலே உள்ள மார்க்ஸ்பர்க். நடு ரைனின் மலைக்கோட்டைகளில் அழிக்கப்படாமல் நின்றது இது மட்டும்தான். பாகராக்கிலிருந்து ஸாங்க்ட் கோர் வரை ரயில், படகில் அக்கரை, அங்கிருந்து ஆர்பி 10 ரயிலில் பிரவ்பாக். நிலையத்திலிருந்து கோட்டைக்கு ஏற்றம், பெரியவர்களோடு அரை மணி நேரம் வையுங்கள். உள்ளே நுழைந்ததும் வரும் குதிரைப்படிகள் பாறையிலேயே வெட்டியவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், நடுவில் தேய்ந்து சரிவாக இருக்கும். செருப்போடு ஏறினால் வழுக்கும். வழிகாட்டி பெரும்பாலும் ஜெர்மனில்தான் பேசுவார், ஆங்கிலக் குறிப்புத்தாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சமையற்கூடத்தையும் பீரங்கி மாடத்தையும் பார்க்காமல் அவசரமாக நகராதீர்கள்.

மற்றது மொசல் பக்கத்து எல்ட்ஸ் கோட்டை. 850 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஜெர்மனியின் பழைய 500 மார்க் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது இதன் படம்தான். ஏப்ரல் முதல் நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும், ஆகவே மே பொருத்தம். தனி ஆட்கள் முன்பதிவு செய்ய வேண்டியதில்லை. உள்ளே நாற்பது நிமிடச் சுற்று, படிக்கட்டு அதிகம், படம் எடுக்கக்கூடாது. காலையில் திறந்ததும் போய்விட்டால் வரிசை குறைவு.

கௌபுக்கு எதிரே ஆற்றின் நடுவே கப்பல் போல நிற்கிறதே, அந்த ஃபால்ஸ்கிராஃபன்ஷ்டைன் கோட்டை 1326, 1327 வாக்கில் சுங்கம் பிடிக்கக் கட்டியது. வெள்ளம் வந்தால் படகு நின்றுவிடும். கரையிலிருந்து பார்த்தாலே மனம் நிறையும்.

அழகர்மலை_நடை

எல்ட்ஸுக்கு நடந்து போவதைத்தான் இந்தப் பயணத்தின் முக்கியமான நாளாக வைக்கச் சொல்வேன். கோகெமிலிருந்து ஆர்பி 81 ஏறி மொசல்கெர்னில் இறங்க வேண்டும். வேகமான ஆர்இ ரயில் அங்கே நிற்காது. நிலையத்திலிருந்து கோட்டை சுமார் ஐந்து கிலோமீட்டர், பெரியவர்களோடு ஒன்றரை மணி நேரம். முதல் பாதி ஊர்த் தெருவும் தார்ச் சாலையும். பழைய ஆலை இருந்த இடத்தில் உள்ள ரிங்கெல்ஷ்டைனர் ம்யூலெ விடுதியைத் தாண்டியதும் காட்டுப் பாதை தொடங்கும். எல்ட்ஸ்பாக் ஓடை கூடவே வரும். வேர்கள் பாதையில் குறுக்கே ஓடும், மழை பெய்திருந்தால் அதில்தான் கால் வழுக்கும். கடைசியில் செங்குத்தாகப் படி.

ஏற்றம் அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை, திரும்பும் இறக்கம்தான். பருவகாலத்தில் கோட்டைக்குப் பேருந்து உண்டு, எந்த நாளில் எந்த நிலையத்திலிருந்து என்பதை அட்டவணையில் பார்த்து வையுங்கள். மேலே அன்டோனியுஸ்கபெல்லெ வாகன நிறுத்தத்துக்கும் கோட்டைக்கும் நடுவே சிறிய வண்டி ஓடுகிறது. அப்பாவும் நீங்களும் நடந்து போய், அம்மாவும் உங்கள் மனைவியும் வண்டியில் வந்தால் கோட்டை வாசலில் சந்திக்கலாம்.

வழிகாட்டிப் பலகையில் போட்டிருக்கும் நேரம் மணிக்கு நாலு கிலோமீட்டர் நடக்கிறவருக்கான கணக்கு. உங்கள் குழுவுக்கு அதைவிட மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ரைனின் வலது கரைப் பாதையான ரைன்ஷ்டைகுக்கு நீலத்தில் வெள்ளை ஆர், இடது கரை ரைன்பர்கன்வேகுக்குச் சிவப்பில் வெள்ளை ஆர். ரைன்ஷ்டைக் குறி மஞ்சள் பலகையில் இருந்தால் அது பிரதான பாதை அல்ல, ஊரிலிருந்து பாதைக்குப் போய்ச் சேரும் இணைப்பு. இதைக் கவனிக்காமல் மஞ்சளையே பிடித்துக்கொண்டு போனால் திரும்ப ஊருக்குள்ளேயே இறங்கிவிடுவீர்கள்.

ஒரு மாதம் முன்பே பழகுங்கள். கள்ளழகர் கோயிலிலிருந்து நூபுர கங்கை வரை ஏறி, வண்டியில் அல்ல, நடந்தே இறங்குங்கள். அங்கே போட்டுக்கொள்ளப் போகிற அதே ஷூ, அதே பை. ஷூவை மாலையில் வாங்குங்கள், கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் முன்னால் இடித்து இடித்துக் கறுத்துப் போகும். அம்மாவுக்கு ஒரு ஜோடி நடைக் கோல் கட்டாயம். இறங்கும்போது கோலை ஓர் உள்ளங்கை அகலம் நீளமாக்கி, கோலை முதலில் ஊன்றிப் பிறகு காலை வைக்கப் பழக்குங்கள்.

புல் உயரமாக இருக்கும் இடங்களில் உண்ணி உண்டு. பேண்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடந்து, அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் தடவவோ சுடவோ கூடாது. மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, மெதுவாக இழுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லிக் காட்டுங்கள், அது லைம் நோயாக இருக்கலாம்.

அவசரத்துக்கு 112. காட்டில் பச்சைப் பலகையில் வெள்ளைச் சிலுவையும் ஓர் எண்ணும் இருந்தால் அந்த எண்ணைச் சொன்னாலே மீட்பு வண்டிக்கு இடம் தெரிந்துவிடும்.

தல்லாகுளத்துக்காரி

அம்மா சாப்பாட்டுக்கு நான் சொல்றேன். மே மாசம் வெள்ளை ஷ்பார்கல் (ஆஸ்பாரகஸ் தண்டு) காலம், ஜூன் 24 வரைக்கும் எல்லா ஊர்ச் சாப்பாட்டுக் கடையிலும் இருக்கும். வேகவச்ச உருளைக்கிழங்கோட உருக்கின வெண்ணெய் ஊத்தித் தரச் சொல்லுங்க. ஹாலந்தேஸ் சாஸ் வேண்டாம், அதில் மஞ்சள் கரு சேர்க்கிறாங்க. கூட வைக்கிற ஹாமும் (பன்றி இறைச்சி) வேண்டாம்னு முதல்லயே சொல்லிருங்க. குவார்க் தயிரோட வேகவச்ச உருளையும் கிடைக்கும். ஷ்பெட்ஸ்லெங்கிற நூடுல்ஸும் உருளை அடையும் சைவம்னு போட்டிருந்தாலும் முட்டை இருக்கும். வறுத்த உருளையில் பன்றிக் கொழுப்புத் துண்டு போடுறது அங்கே வழக்கம். காய்கறி சூப்கூட மாட்டு எலும்புச் சாறில் வைப்பாங்க. "ஓனெ ஃப்ளைஷ், ஓனெ ஷ்பெக், ஓனெ ஐ" (Ohne Fleisch, ohne Speck, ohne Ei: இறைச்சி, பன்றிக் கொழுப்பு, முட்டை இல்லாம) இந்த மூணையும் ஒரு தாளில் எழுதிக் காட்டிருங்க.

சின்ன ஊர்ல சமையலறை மத்தியானம் ரெண்டு மணிக்கு மூடி சாயங்காலம்தான் திறக்கும். திங்களோ செவ்வாயோ விடுமுறை விடுற கடைகள் நிறைய. ஞாயித்துக்கிழமை மளிகைக் கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே பால், தயிர், ரொட்டி, பழம் வாங்கி வச்சிருங்க. சின்னதா அடுப்படி இருக்கிற வீடா எடுத்தீங்கன்னா அம்மா ஒரு ரசம் வச்சுச் சாப்பிட்டுக்கலாம். கையில் இருபது முப்பது யூரோ ரொக்கம் இருக்கட்டும், கழிப்பறைக்கு அம்பது சென்ட், ஒரு யூரோ சில்லறை தனியா.

வைகைத்தென்கரை

எல்லாருக்கும் நன்றி. பாகராக்கில் மேலே ஷ்டாலெக் கோட்டையிலேயே இளைஞர் விடுதி இருக்கிறதாமே, பெற்றோரோடு தங்க விடுவார்களா? தேதியில் எதையாவது தவிர்க்கணுமா?

கீழக்குயில்குடி

வயசு வரம்பு இல்லைண்ணே, குடும்ப அறையும் உண்டு, ஆனா விடுதிச் சங்கத்தில் உறுப்பினர் ஆகணும். பெட்டிதான் பிரச்சினை. ஊர்லருந்து பேதுரு தேவாலயத்துக்குப் பக்கத்தில், வெர்னர் சிற்றாலய இடிபாட்டைத் தாண்டி, படிப்படியா ஏறணும். சக்கரப் பெட்டியை அதில் இழுக்க முடியாது. கீழே ஊருக்குள்ள அறை எடுத்துட்டு, சாயங்காலம் வெறுங்கையோட மேல ஏறிப் பாருங்க. பழைய மதில் மேலயும் நடக்கலாம், ஒரு சுத்து வந்தா திராட்சைத் தோட்டமும் ஆறும் சேர்ந்து தெரியும்.

தேதி விஷயம் முக்கியம். மே 1, ஈஸ்டருக்கு அப்புறம் 39ஆம் நாள் வர்ற வியாழன், அதுக்குப் பத்து நாள் கழிச்சு வர்ற பெந்தெகொஸ்து ஞாயிறுக்கு அடுத்த திங்கள், இத்தனையும் அரசு விடுமுறை. கடை பூராவும் மூடியிருக்கும், அறை விலை ஏறிரும், அந்த வியாழனோட வாரக்கடைசியில் ரயில்ல நிக்கக்கூட இடம் இருக்காது. 2026இல் அந்த வியாழன் மே 14, பெந்தெகொஸ்துத் திங்கள் மே 25. இந்த ரெண்டுக்கும் நடுவில் 18லிருந்து 22 வரை வேலை நாளா இருக்கு, எல்ட்ஸையும் மார்க்ஸ்பர்க்கையும் அதுக்குள்ள வச்சுக்குங்க. அறையை இப்பவே போட்டு வச்சிருங்க.