அழைப்பிதழில் மூன்றாவது பெயர்

கல்லூரியில் படித்த காலத்தில், எங்கள் ஊரில் பொங்கலையொட்டி நடந்த கவியரங்கம் ஒன்றில் நாற்காலி அடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அழைப்பிதழில் தம் பெயர் மூன்றாவதாக அச்சாகியிருப்பதையும், தம்மிடம் யாப்புப் படித்த இளைஞரின் பெயர் இரண்டாவதாக இருப்பதையும் மூத்த கவிஞர் ஒருவர் முதல் நாளே பார்த்துவிட்டார். இளைஞர் வெண்பா பாடி முடித்ததும், தளை தட்டுகிறது, அதாவது சீரும் சீரும் இணையும் விதி பிழைத்துவிட்டது என்று அவர் ஒலிபெருக்கியிலேயே அறிவித்தார். ‘ஐயா, உங்கள் செவிதான் தட்டுகிறது’ என்று பதில் வந்தது. தாள் பறிக்கப்பட்டது, தோள்துண்டு இழுபட்டது, பெரியவரின் மூக்குக் கண்ணாடி தெறித்து ஒரு பக்கம் நொறுங்கியது.

என் அருகிலிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுந்திருக்கக்கூட இல்லை. ‘குட்டுதற்கோ பிள்ளைப்பாண்டியன் இங்கில்லை’ என்று மட்டும் முணுமுணுத்தார். படிக்காசுப் புலவர் பாடியதாக வழங்கும் அந்தப் பாடல், பிழையாகப் பாடுவோரின் தலையில் குட்டப் பாண்டியனும், காதைக் குடைந்து அறுக்க வில்லிபுத்தூராரும், குடுமிகளை இரண்டிரண்டாக முடிந்து தலையை வெட்ட ஒட்டக்கூத்தரும் இல்லாமற்போனதால், எவரும் புலவரெனத் திரியலாம் என்று நொந்துகொள்கிறது. வகுப்பில் அதைக் கேட்டுச் சிரித்தவன் நான். கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது சிரிப்பு வரவில்லை. விக்கிரமன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என மூன்று சோழர் அவையில் வீற்றிருந்த ஒட்டக்கூத்தருக்கு எந்தப் பெருமை குறைந்தது? இருந்தும், புகழேந்தியோடு அவரை மோதவிட்டு, ‘ஒட்டக்கூத்தன் பாட்டுக்கு இரட்டைத் தாழ்ப்பாள்’ என்ற பழமொழி வரை கதை வளர்த்திருக்கிறோம். இவையெல்லாம் வரலாறல்ல, செவிவழிக் கதைகள்தாம். அவற்றுள் எனக்குப் பிடித்தது ஒன்றே: தகர வருக்கத்தாலேயே அமைந்த கந்தரந்தாதியின் 54ஆம் பாடலுக்கு உரை சொல்ல முடியாமல் தோற்ற வில்லிபுத்தூராரின் காதை அறுக்காமல், அருணகிரிநாதர் அவரை விட்டுவிட்டார் என்பது.

மறுநாள் கண்ணாடிச் சட்டத்தைக் கொடுக்கப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இருந்தவர், இளைஞரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ‘தம்பி, நீயும் தமிழ் படிக்கிறவன்தானே, தளை தட்டியதா இல்லையா?’ என்றார். கிழிந்த தாள் என் பையில்தான் இருந்தது. இரவே விரல்விட்டு எண்ணியிருந்தேன். இரண்டாம் அடியில், வெண்பாவில் வரக்கூடாத காய்முன் நிரை வந்திருந்தது.

‘சரியாகக் கவனிக்கவில்லை, ஐயா’ என்றேன்.