51 வயதில் மீண்டும் விண்ட்சர்ஃபிங் பந்தயம்: எப்படித் தயாராவது?

காட்பாடிக்காரன்:
காவேரிப்பாக்கம் ஏரியில் லாரி டியூபில் மிதந்து வளர்ந்தவன் நான். 25 வயதில் சென்னைத் துறைமுகத்தில், பாய்மரம் பொருத்திய பலகையில் நின்று காற்றால் நீரில் செல்லும் விண்ட்சர்ஃபிங் கற்றேன். தண்ணீரில் கிடக்கும் பாயைக் கயிற்றால் இழுக்கும்போது, நீர் வழிந்து சட்டென்று எடை குறையும். அந்த நொடிக்காகவே மாதம் இருமுறை ரயில் ஏறினேன். பந்தயங்களில் கடைசியாக வந்தாலும் மகிழ்ச்சிதான். 12 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மீண்டும் இறங்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ராணிப்பேட்டை வாசகர்:
தொடையையும் இடுப்பையும் பழக்குங்கள், அண்ணா. பாயைத் தூக்குவது கைபலம் அல்ல. முழங்காலை மடக்கி உடலைப் பின்னால் சாய்ப்பதுதான். முதுகை வளைத்து இழுத்து நான் ஒரு மாதம் படுத்துக் கிடந்தேன்.

கோவளத்திலிருந்து:
1984இல் ஒலிம்பிக்குக்கு வந்த இந்த விளையாட்டு, 2024 பாரிஸில் அடியில் இறக்கை பொருத்திய ஃபாயில் பலகைக்கு மாறிவிட்டது. அது நீருக்கு மேல் எழும்பிச் செல்லும். நீங்கள் பழைய அகலப் பலகையிலேயே தொடங்குங்கள். உயிர்காப்பு உடை இல்லாமல் இறங்காதீர்கள்.

குடியாத்தம் ஆசிரியை:
கடலில்லாத ஊர் என்று தயங்க வேண்டாம், ஐயா. ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டிய விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர்தானே!

காட்பாடிக்காரன்:
அனைவருக்கும் நன்றி. பாயோடு உடலைக் கொக்கியால் மாட்டிக்கொள்ளும் இடுப்புப் பட்டையைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். கொக்கியில் துரு இருக்கிறது. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை.