மூன்றாம் சபைக்காரர்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பழைய பொருளாளர்

பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் நான் வார்த்தைப்பாடு கொடுத்து 19 வருஷம் ஆகிறது. பொதுநிலையினர் பிரான்சிஸ்கன் சபை என்றுதான் சொல்ல வேண்டுமாம். எங்கள் குமரி மாவட்டத்துப் பங்குக் கோயிலில் இன்னமும் மூன்றாம் சபைதான். கல்யாணம் முடித்து, வேலைக்குப் போய், வீட்டில் இருந்தபடியே புனித பிரான்சிஸ் அசிசியார் வழியில் நடக்கப் பார்க்கிறவர்கள் நாங்கள். 1978-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் எங்கள் சபைக்குக் கொடுத்த வாழ்க்கை ஒழுங்கில் 26 பிரிவுகள். மாதம் ஒரு பிரிவு வாசிப்போம், விளக்கம் கேட்போம், டீ குடித்துக் கலைவோம். பல வருஷம் இதைத்தான் சகோதரத்துவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சகோதரத்துவம் எது என்று தியானத்தில் ஃபாதர் சொன்னது வேண்டாம். உங்களுக்கு நடந்தது வேண்டும். முதலில் என் கதை.

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியே பிழைத்தவன் நான். சபையிலும் பொருளாளர். ஒரு மாதக் கூட்டத்தில் ஆலோசனைக் குழுவிலிருந்த ஒரு சகோதரி எழுந்து, எல்லார் முன்னாலும், "640 ரூபாய் இடிக்குதே அண்ணே, எங்க போச்சு?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் முன் பெஞ்சில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். நான் நோட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து ரசீது கிடைத்தது, செபப் புத்தகத்துக்குள். அசிசியார் திருநாளுக்கு மைக் செட் போட்டவருக்குக் கொடுத்த பணம். கொண்டுபோய்க் காட்டியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். வீம்பு விடவில்லை. 14 மாதம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட அடுத்த பங்குக்குப் போனேன்.

அப்புறம் ஒரு அக்டோபர் 3. சபைக்காரர்களுக்குத் தெரியும், 1226-ல் அசிசியார் இறந்த இரவு அது. அந்த இறப்பை நினைவுகூரும் டிரான்சிட்டஸ் வழிபாடு உண்டு. அன்றைக்கு நல்ல மழை. ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் நான்கு பெண்கள், இரண்டு குடை. முன்னால் நிற்பவர் கணக்குக் கேட்ட அதே சகோதரி. கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. மன்னிப்பு கேட்பார், நாமும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு சரி சொல்லலாம் என்று மனதுக்குள் தயாராகிவிட்டேன். அவர் சொன்னது இதுதான்:

"அண்ணே, திருப்பாடல் 142 வாசிக்க ஆம்பளைக் குரல் இல்ல. சீக்கிரம் வாங்க, சாமி வந்துட்டாரு."

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை.

அசிசியார் சாகும்போது சொன்ன திருப்பாடல் அது. கோயிலில் விளக்கை அணைத்துவிட்டார்கள், என் பக்கத்தில் ஒரு மெழுகுதிரி மட்டும். என்னைக் கவனிக்க யாருமே இல்லை என்று அதில் ஒரு வரி வரும். அந்த இடத்தில் குரல் தடுக்கிவிட்டது. 14 மாதமாக நான் வீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்த வசனம் அதுதானே. கடைசி வரியிலோ, நேர்மையாளர்கள் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள் என்று வரும். நிமிர்ந்து பார்த்தேன். நனைந்த சேலையோடு பதினோரு கிழவிகள்.

முடிந்ததும் தூக்கைத் திறந்தார்கள். முந்திரிக்கொத்து. அசிசியார் கடைசி நாட்களில் உரோமையிலிருந்த ஜாக்கோபா என்ற விதவையை நினைத்து, அவர் செய்து தரும் பாதாம் பலகாரத்துக்கு ஆசைப்பட்டார் அல்லவா, அந்த ஞாபகத்துக்கு எங்கள் சபையில் இது வழக்கம். பாதாமுக்கு எங்கே போக? எங்களுக்குப் பாசிப்பயறும் கருப்பட்டியும்தான்.

கடற்கரைச் சகோதரி

அண்ணன் எழுதியதை வாசித்ததும் எங்கள் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. சொந்தப் பாட்டி இல்லை, சபைப் பாட்டி. தலையில் மீன் கடவம் சுமந்து விற்றவர். எழுத்து வாசனை கிடையாது. காலையிலும் மாலையிலும் நாங்கள் திருப்புகழ்மாலை என்கிற செபப் புத்தகத்தைப் பிரித்தால் அவர் முந்தானை முடிச்சை அவிழ்ப்பார். உள்ளே பன்னிரண்டு புளியங்கொட்டை. தினமும் பன்னிரண்டு பரலோக மந்திரம், பன்னிரண்டு அருள்நிறை மந்திரம், பன்னிரண்டு திரித்துவப் புகழ். 1883-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் கொடுத்த பழைய ஒழுங்கில் இருந்தது அது. புது ஒழுங்கு வந்தாச்சு பாட்டி என்று சொன்னால், "வரட்டும், எனக்கு இதுதான் மனப்பாடம்" என்பார்.

நான் சபையில் சேர்ந்து உருவாக்கப் பயிற்சியில் இருந்த வருஷம் அவர் படுத்துவிட்டார். முறை வைத்து உட்கார்ந்தோம். எனக்கு வியாழக்கிழமை ராத்திரி. அதுவரை வீட்டில் என் மாமியாருக்குக்கூட முதுகு துடைத்துவிட்டதில்லை நான், உண்மையைச் சொல்கிறேன். முதல் ராத்திரி மூக்கைப் பொத்திக்கொண்டுதான் செய்தேன். பாட்டி பார்த்துவிட்டார். "பழகிரும் மக்களே, மீன் நாத்தம் பழகலயா" என்று சிரித்தார். அதற்குப் பிறகு வியாழக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது எனக்கு.

இறந்த அன்று நாங்களே குளிப்பாட்டி, சபையின் மண்ணிற உடுப்பைப் போட்டுவிட்டோம். ஒழுங்கின் 24-ம் பிரிவில், இறந்த சகோதர சகோதரிகளோடும் நம் ஒன்றிப்பு தொடர்கிறது, அவர்களுக்காக வேண்டுதல் செய்யுங்கள் என்று இருக்கிறதே, அதைப் பயிற்சி வகுப்பில் ஒப்பித்து 'நன்று' வாங்கியவள் நான். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்தபோதுதான் அதற்கு அர்த்தம் தெரிந்தது. என்னுடையது செபமாலைப் பையில் கிடக்கிறது.

யூஃப்ரா தம்பி, பெங்களூரு

எல்லாரும் நெகிழ்ந்து எழுதும் இடத்தில் நான் மட்டும் குறை சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். ஊரில் யூஃப்ரா என்கிற பிரான்சிஸ்கன் இளையோர் அமைப்பில் இருந்தேன். வேலைக்கு இங்கே வந்த பிறகு ஒரு சபைக் கூட்டத்துக்குப் போனேன். எந்தப் பங்கு என்று சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருவர்கூடப் பெயர் கேட்கவில்லை. சந்தா மட்டும் கேட்டார்கள். அடுத்து ஒரு மூன்று நாள் புதுப்பித்தல் தியானம். கீபோர்டு, கைதட்டல், கண்ணீர் எல்லாம் இருந்தது. திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் காணாமல் போய்விட்டது.

நம் சபையின் பாதுகாவலி அங்கேரி நாட்டு எலிசபெத் 1231-ல் இறந்தபோது 24 வயது. இன்றைக்கு 24 வயதுக்காரன் உள்ளே வந்தால் நாற்காலி அடுக்கத்தான் ஆள் கிடைத்தது என்று பார்க்கிறார்கள். பாட்டி கதை நன்றாக இருந்தது அக்கா. எனக்கு அப்படி ஒரு பாட்டி கிடைக்கவில்லை.

கடற்கரைச் சகோதரி

தம்பி, நானும் இரண்டு வருஷம் நாற்காலிதான் அடுக்கினேன். ஆனால் பெயர் கேட்காதது தப்புதான். கூட்டம் நடத்துகிற நாங்கள் இதை வாசிக்க வேண்டும்.

ஒரு கப்புச்சின் சாமி

அசிசியார் வழி வந்த கப்புச்சின் துறவி நான், மூன்றாம் சபைக் குழுக்கள் இரண்டுக்கு ஆன்மீகத் துணையாளர். தம்பி சொல்வதில் எனக்கும் பங்கு உண்டு. கூட்டம் இரண்டு மணி நேரம் என்றால் முக்கால் மணி நேரம் நான் பேசுவேன். ஒரு தடவை தொண்டை கட்டிக் குரலே வரவில்லை. வேறு வழியில்லாமல், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் நடுவில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்லி எழுதிக் காட்டினேன். பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேருக்கு, ஒருவர் மகன் குடிப்பது மற்றவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் வீட்டிலும் அதே கதை. அன்றிலிருந்து என் பேச்சு பத்து நிமிடம்தான். தொண்டை சரியாகிவிட்டது, சொல்லவில்லை.

பொருளாளர் சகோதரருக்கு ஒன்று. 1225-ல் அசிசியார் தமியானோ கோயிலில் கண் தெரியாமல் படுத்திருக்கிறார். அசிசி ஆயருக்கும் நகரத் தலைவருக்கும் பெரிய சண்டை. ஆயர் நகரத் தலைவரைத் திருச்சபையிலிருந்து விலக்க, நகரத் தலைவரோ ஆயரோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது என்று ஊரெல்லாம் அறிவித்துவிட்டார். அசிசியார் பஞ்சாயத்துப் பேச ஆள் அனுப்பவில்லை. தாம் இயற்றிய படைப்புகளின் பாடலில், மன்னிக்கிறவர்களுக்காக ஆண்டவரைப் புகழும் அடியைப் புதிதாகச் சேர்த்து, இரண்டு பேர் முன்னாலும் பாடச் சொல்லிச் சகோதரர்களை அனுப்பினார். சண்டைக்குக் காரணம் எது, யார்மேல் தப்பு, ஒரு வார்த்தை இல்லை. பாட்டு முடிந்ததும் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். உங்கள் வீட்டு வாசலில் அந்தச் சகோதரி 640 ரூபாயைப் பற்றிப் பேசியிருந்தால் நீங்கள் சட்டையை மாட்டியிருப்பீர்களா?

பழைய பொருளாளர்

மாட்டியிருக்க மாட்டேன் சாமி. ரசீதைத்தான் எடுத்து வந்து மூஞ்சியில் நீட்டியிருப்பேன்.

தம்பி, டிசம்பரில் ஊருக்கு வந்தால் எங்கள் கூட்டத்துக்கு வாருங்கள். மதியம் இரண்டரை மணிக் கூட்டத்தை மாலை ஆறுக்கு மாற்றியிருக்கிறோம், வேலைக்குப் போகிறவர்களுக்காக. நாற்காலியை நான் அடுக்குகிறேன்.

கணக்குக் கேட்டவள்

நான் இங்கே வாசிக்க மட்டும்தான் வருவேன். இன்றைக்கு என் கதையையே வாசித்துவிட்டேன்.

அண்ணே, அந்தச் சிரிப்பு என் காதிலும் விழுந்தது. அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. 14 மாதத்தில் இரண்டு தடவை உங்கள் தெருமுனை வரை வந்து திரும்பிப் போயிருக்கிறேன். ஒரு தடவை குருசடிக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டு மைனி பார்த்து, எங்க இந்தப் பக்கம் என்று கேட்டார். மெழுகுதிரி ஏற்ற வந்தேன் என்று பொய் சொன்னேன். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் வரவில்லை. அக்டோபர் 3 அன்று வாசிக்க ஆள் இல்லை என்றதும் பேச ஒரு விஷயம் கிடைத்த மாதிரி இருந்தது. உண்மையில் உபதேசியார் வாசிக்கத் தயாராகத்தான் இருந்தார். அவரைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு வந்தோம்.

அப்புறம், அந்த மைக் செட் ரசீது இன்னும் ஃபைலில் ஏறவில்லை. தணிக்கை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கொண்டு வாங்க அண்ணே.